கம்மாய்க்குத் தண்ணீர் வந்த நாளில் ஒரு கச்சேரி

கரிசல் மண் நனைந்துவிட்டால் அதன்மேல் நடக்கிறவர்களின் உயரம் கூடிக்கொண்டே போகும். முதல் பத்து எட்டில் உள்ளங்காலில் தோசை கனத்துக்கு ஒட்டுகிற மண், அடுத்த பத்து எட்டில் அடை கனத்துக்கு ஏறி, விரலிடுக்கில் சில்லென்று பிதுங்கி, ஒரு பர்லாங் போவதற்குள் ஆளுக்கு அரைச்சாண் உயரமான மண்செருப்பைப் பூட்டிவிடும். எங்கள் ஊரில் அதைக் "கருப்புச் செருப்பு" என்போம். குச்சியால் வழித்து எறிந்துவிட்டு நடந்தால் பத்து எட்டில் புதுச்செருப்பு தயாராகிவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்த ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, டவுனிலிருந்து வந்த பாடகி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செருப்போடு ஒன்றரை மைல் நடந்தேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் வெறுங்காலைத் தரையில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி கணுக்கால்வரை ஏறுகிறது.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம், தார்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கம்பும் உளுந்தும் பருத்தியும் வானத்தை நம்பி விதைக்கிற ஊர். அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்லது நடந்தது. அதுவரை ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்த பள்ளியை எட்டாம் வகுப்புவரை உயர்த்தி உத்தரவு வந்தது. ஐந்தை முடித்ததும் ஆடு மேய்க்கவோ களை எடுக்கவோ போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று வருஷம் கிடைத்த மாதிரி. அதைக் கொண்டாட ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்று கிளம்பியவர் காதர் மாமா.

காதர் மாமா சவுதியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, ஊர் முகப்பில் பலசரக்குக் கடை போட்டிருந்தார். எங்கள் அம்மா அவரை "காதர்ண்ணே" என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் மாமா. அவர் சவுதியில் இருந்தபோதுதான் அவருடைய தாயார் இறந்தார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் அவரால் வர முடிந்தது. வந்த மறுநாள், அவர்கள் காட்டில் வெகுநாள் வேலை பார்த்திருந்த எங்கள் அம்மா அவரைப் பார்க்கப் போனாள். அவர்கள் வழக்கத்தில் ஒப்பாரி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கொல்லைப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அந்த அம்மா கடைசி நாட்களில் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்தப் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் தணிந்த குரலில் பாட்டாகச் சொன்னாளாம். "ஒங்கம்மா குரல்ல எங்கம்மாவைப் பாத்தேன்த்தா" என்று மாமா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் பெயர் முத்திருளாயி. சுற்றுப்பட்டு ஏழெட்டு ஊரில் சாவு விழுந்தால் அவளைக் கூட்டிப்போக ஆள் வரும். இறந்தவர் யார், என்ன பயிர் வைத்தார், யாரைப் பிரிந்து போகிறார் என்று இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்வாள். பிறகு பெண்கள் வட்டத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் கோத்து, குனிந்த தலை நிமிராமல் பாடுவாள். நாலு காடு தாண்டி மாடு மேய்க்கிறவர்கள்கூட நின்று கேட்பார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் அந்த வாய்க்கு எழவு வீட்டில் இருந்த மரியாதை நல்ல வீட்டில் இல்லை. சடங்குக்கும் நலுங்குக்கும் அவளைப் பாடக் கூப்பிட மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு "எழவுப் பாட்டு மக" என்று பெயர். சண்டை வந்தால் பிள்ளைகள் மார்பில் அடித்துக்கொண்டு என்னைச் சுற்றி ஆடுவார்கள். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

கச்சேரிக்கு ஐப்பசி இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி என்று குறித்தார்கள். அருப்புக்கோட்டையில் பகலில் தறி ஓட்டிக்கொண்டு விசேஷ நாட்களில் பாடப் போகிற ஒரு பாட்டுக்குழு வருவதாக ஏற்பாடு. மாமா ரோஸ் காகிதத்தில் நோட்டீசு அடித்துக்கொண்டு வந்தார். எல்லாப் பெயர்களுக்கும் கீழே, "நம் ஊர்ப் பாடகி முத்திருளாயி அவர்களும் பாடுவார்" என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி தண்ணீர்க் குழாயடியில் மூன்று நாள் பேச்சாயிற்று. பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அத்தை, தன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தவர், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார்: "புள்ளைக படிக்கப் போற நல்ல காரியம். அன்னைக்குப் போயி எழவுக் கொரலு எதுக்கு? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?"

அம்மா நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, எம்பேர அடிச்சிருங்க. எனக்கு வேணாம்."

மாமா பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார். "ஒனக்கு வேணாமா, ஊருக்கு வேணாமா?"

அம்மா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குடத்துத் தண்ணீர் அலம்பிச் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.

"அழுகுறவுகளுக்கே பாடிட்டு இருந்திட்ட. ஒரு நாளு சும்மா உக்காந்து கேக்குறவுகளுக்குப் பாடு தங்கச்சி. பெறவு வேணாம்னு சொல்லு, நான் கேக்கேன்."

அன்றிலிருந்து அம்மா களை எடுக்கும்போது வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன பாடப்போகிறாள் என்று கேட்டால், "இன்னும் பாட்டு சிக்கலைடி" என்பாள்.

மேடை போடக் கம்மாய்க்குள் இடம் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் கண்மாயைக் கம்மாய் என்றுதான் சொல்வோம். இரண்டு வருஷமாகப் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த அதன் மடியைவிடப் பெரிய மைதானம் ஊரில் கிடையாது. புதன்கிழமையே தார்டின்களை நிறுத்தி, மேலே பள்ளிக்கூடப் பெஞ்சுகளையும் யார் யார் வீட்டுக் கதவுப் பலகைகளையோ சேர்த்துக் கட்டி மேடை எழும்பிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் தெற்கே கறுத்தது. சாயங்காலம் பிடித்த மழை வெள்ளிக்கிழமையும் விடவில்லை. சனிக்கிழமை தூறலும் கொட்டலுமாக மாறி மாறிப் பெய்தது. கச்சேரி என்னவாகும் என்று எல்லோர் மனதிலும் இருந்தது. ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விதைத்துவிட்டு இரண்டு வருஷம் ஏமாந்த ஊர் அது. மூன்றாவது தடவையும் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர். அந்த ஊரில் மழையைப் போ என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? முகம் முழுக்கச் சிரிப்பும், மேடைப் பக்கம் பார்க்கும்போது மட்டும் ஒரு சின்னச் சங்கடமுமாக ஆட்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

நான்தான் சொன்னேன். சனிக்கிழமை காலையில், வாசல் நிலையில் நின்றுகொண்டு, "இந்த மழ நின்னு தொலைஞ்சா என்ன" என்றேன். அடுத்த நொடி அம்மாவின் கை என் வாய்மேல் விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அடித்ததே இல்லை. உதடு பல்லில் பட்டு உப்புக் கரித்தது.

"அந்தப் பேச்சுப் பேசாத. வயித்துக்குப் போடுறது அதுதான்" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து என் உதட்டைத் தன் முந்தானையால் துடைத்தபடி, "எனக்காகத்தானே சொன்ன?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். "நான் பாடாட்டி ஒண்ணும் கொறஞ்சு போகாது. மழ பெய்யாட்டி நம்ம இந்த ஊர்லயே இருக்க மாட்டோம்." அவள் சொன்னது நியாயம்தான் என்று அந்த வயதிலேயே புரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் நான் மழையைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிறு விடிந்தபோது மழை தூறலாக இளைத்திருந்தது. மேற்கே ஓடையில் தண்ணீர் இறங்குகிறது, கம்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் முள்ளும் மண்ணும் அடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் பாய்கிறது என்று சேதி வந்தது. அப்பா உட்பட ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மண்வெட்டியும் அரிவாளுமாக வரத்துக்காலுக்கு ஓடினார்கள். தண்ணீர் கம்மாய்க்குள் திரும்பினால் மேடை முழுகிப் போகும். ஆகவே அதைப் பிரித்துக் கொண்டுவருகிற வேலை பெண்கள் தலையில் விழுந்தது. கரையின்மேல், கொஞ்சம் மேடான இடத்தில், கதிரடிக்கிற சிமிண்டுக் களம் இருந்தது. பெஞ்சுக்கு நாலு பேர், பலகைக்கு இரண்டு பேர் என்று சறுக்குகிற கரையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கதவுப் பலகையின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையைச் சீனியம்மாள் அத்தையும் பிடித்துக்கொண்டு ஏறியதை நான் பார்த்தேன். பாதியில் அத்தை சறுக்கியபோது அம்மா முழங்காலை ஊன்றிப் பலகையைத் தாங்கிக்கொண்டாள். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த படுதாவையும், மாமா கடையிலிருந்த தார்ப்பாயையும் மூங்கிலில் கட்டி மேலே கூரை போட்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, தார்ரோட்டிலிருந்து பிரிகிற இடத்தில் வேன் சிக்கிக்கொண்டது என்றார்கள். மாமாவோடு நான் ஓடினேன். ரெட்டியபட்டி வழியாக வந்த வேன், மண்பாதையில் இருபதடி இறங்கியதுமே அச்சுவரை புதைந்து நின்றது. குழுவின் தலைவர் ஆர்மோனியக்காரர். ஒல்லியான மனிதர். இறங்கிப் பாதையைப் பார்த்ததுமே கையைக் கூப்பிவிட்டார்.

"பாய், நாங்க திரும்பிர்றோம். பொட்டி, ஒயரு எல்லாம் நனைஞ்சா எங்க பொழப்பு போச்சு. ஈரத்துல மைக்கப் புடிச்சா ஆளையே தூக்கிரும்."

"கரண்டுச் சாமான் எதுவும் வேணாம்ண்ணே. வேன்லயே இருக்கட்டும். ஆர்மோனியம், டோலக்கு, புல்லாங்குழல் மட்டும் வரட்டும்" என்றார் மாமா.

"மைக்கு இல்லாம யாருக்குக் கேக்கும்?"

"பக்கத்துல வந்து உக்காந்து கேப்பாக. காலையிலருந்து பொம்பளையாளுக மேடையத் தூக்கிச் செமந்திருக்காக. நான் எந்த முகத்தோட போயி இல்லைம்பேன்?"

ஆர்மோனியக்காரர் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, வேனுக்குள்ளிருந்து அந்தப் பாடகி இறங்கினாள். இருபது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தப் புள்ள இந்த மழையில வந்து நிக்குது. நடங்கண்ணே போவோம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்மோனியத்தை யூரியாச் சாக்கின் உள்ளுறையில் சுற்றி மாமா தலையில் வைத்துக்கொண்டார். வழுக்கும்போதெல்லாம் அவள் சிரித்தாள். இரண்டு தடவை விழுந்தும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. "ஒங்க ஊர்ல யாரு பாடுவா?" என்று கேட்டாள். "எங்கம்மா" என்றேன். "என்ன பாடுவாக?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது ஐந்துக்குத்தான் ஆரம்பித்தது. பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களுமாகக் களம் நிறைந்திருந்தது. குடை, சாக்கு, முறம், அலுமினியத் தட்டு என்று ஆளுக்கு ஒன்றைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள். பாடகி முதலில் இரண்டு பாட்டுப் பாடினாள். இனிமையான குரல்தான். ஆனால் மைக்குக்குப் பழகிய குரல். தார்ப்பாயில் மழை மறுபடி பிடித்துக்கொண்டு சடசடக்கவும் மூன்றாவது வரிசைக்கே கேட்கவில்லை. "கேக்கலை, கேக்கலை" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, நான் முன்பே காட்டியிருந்த அம்மா பக்கம் கையைக் காட்டினாள்.

அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு நின்று பாடத் தெரியாது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் தோள் இல்லாததால் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தாள். பிறகு ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு குரலை எடுத்தாள். வழக்கத்தினால்தானோ பயத்தினால்தானோ, எழவு வீட்டில் எடுக்கிற அதே நீண்ட இழுப்புத்தான் வந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே ஏறி அது கரையெல்லாம் பரவியபோது கூட்டம் அப்படியே உறைந்தது. "ஆத்தாடி, வேணாம் முத்து" என்று ஒரு குரல் கேட்டது. சீனியம்மாள் அத்தை மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். அம்மா நிறுத்திவிட்டாள். அவள் கண் என்னைத் தேடியது. நான் குனிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் அவளைப் பார்க்காமல் குனிந்ததை நினைத்து இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது கரையின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. முன்னால் வந்தவர் அப்பா. தலைமுதல் கால்வரை சேறு, கண் மட்டும்தான் வெள்ளை. மூச்சு வாங்க, "ஏ புள்ள, வந்துருச்சு! தண்ணி உள்ள வந்துருச்சு!" என்று கத்தினார். எல்லோரும் திரும்பிக் கீழே பார்த்தோம். நுரையும் சருகும் குப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மேற்கத்திச் செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு, மழைக்கும் மூடாத வெடிப்புகளில் இறங்கி நிறைந்து நிறைந்து, காலையில் மேடை நின்ற இடத்தை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து, அதே இழுப்பில், அதே மெட்டில் மறுபடி தொடங்கினாள். "போனியே, போனியே" என்று இறந்தவரைக் கூப்பிடுகிற இடத்தில் வேறு வார்த்தை விழுந்தது.

"பாத பாத்துக் கண்ணு பூத்தோம்
வந்தியா எந்தண்ணீரே
வெடிச்ச மண்ணு வாய் தொறக்க
வந்தியா எந்தண்ணீரே"

இரண்டாவது தடவை "வந்தியா" வந்தபோது, எழவு வீட்டில் அவளோடு வட்டத்தில் உட்காருகிற பெண்கள் பழக்கதோஷத்தில் வாங்கிப் பாடினார்கள். மூன்றாவது தடவை களம் முழுக்கப் பாடியது. டோலக்குக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கே போயிருந்தாய், யார் வீட்டில் தங்கினாய், எங்கள் ஆடு செத்தது தெரியுமா, என் கொழுந்தன் கேரளாவுக்குக் கூலிக்குப் போனது தெரியுமா என்று தண்ணீரைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடினாள் அம்மா. சிலர் அழுதார்கள். அழுதவர்களே அடுத்த வரிக்குச் சிரித்தார்கள். அந்த டவுன் பாடகி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு "வந்தியா" சொன்னாள். கைகளுக்கு ஒரு தோள் கிடைத்ததும் அம்மாவின் குரல் இன்னும் ஓர் ஏற்றம் ஏறியது. எழுந்து நின்ற சீனியம்மாள் அத்தை போகவில்லை. உட்காரவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம்வரை மகளோடு அங்கேயே நின்றிருந்தார்.

ஒரே நாளில் ஊர் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த வருஷம் மழை கூடுதலாகி மிளகாய் அழுகியது, அதற்கும் ஒன்றிரண்டு பேர் அம்மாவின் வாயைச் சொன்னார்கள். ஆனால் தை பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் சீனியம்மாள் அத்தை வெற்றிலையோடு வந்து வாசலில் நின்றார். "நலுங்குக்கு வந்து ரெண்டு பாட்டுப் பாடிட்டுப் போ முத்து. சும்மா வந்து சாப்பிட்டுப் போகக் கூடாது" என்றார். அம்மா வெற்றிலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் "கச்சேரி" என்று ஆனது. அதையும் கிண்டலாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

நான் எட்டு முடித்து, அப்புறமும் படித்து, இப்போது அருப்புக்கோட்டையில் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஊருக்குத் தார்ரோடு வந்துவிட்டது. மழையில் யாரும் கருப்புச் செருப்போடு வருவதில்லை. கம்மாய்க்குள் சீமைக்கருவேல் அடர்ந்து, தண்ணீர் வந்தாலும் கரையில் நின்று பார்க்க முடிவதில்லை. களம் இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. காதர் மாமா காலமாகிவிட்டார். சாவு விழுந்தால் டவுனிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டி கொண்டுவந்து பதிவு செய்த ஒப்பாரியைப் போடுகிறார்கள்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் பாடிய எதையும் யாரும் பதிவு செய்யவில்லை. போன வாரம் என் மகள், தன் போனில் யார் யாருடைய குரல்களையோ கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மாச்சி பாடுற குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். தண்ணீரிடம் அம்மா கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். அவள் நின்ற விதத்தைக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு ஒரு வரியை இழுத்தும் பார்த்தேன். மகள் கவனமாகக் கேட்டுவிட்டு, "இப்படியா இருக்கும்?" என்றாள்.

இல்லை என்றேன். இப்படி இல்லை என்பது மட்டும்தான் எனக்கு இப்போது தெரிகிறது.